கல் ஆறிய காலம்

என் பாட்டா பாறையைத் தீ வைத்துப் பிளப்பவர். பொற்றையின், அதாவது சிறு பாறைக்குன்றின், மேல்முகத்தில் விறகை ஒரு வரிசையாக அடுக்கி எரிப்பார். தணல் பழுத்ததும் அதை நீளக் கம்பால் ஒரு சாண், இரு சாண் என்று மெல்லத் தள்ளிக்கொண்டே போவார். சூடேறிய மேல்தோல் விரிந்து அடிப்பாறையை விட்டுக் கழன்றுகொள்ளும். கழன்றதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. சம்மட்டியால் லேசாகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். ஒட்டியிருக்கும் பாறை ‘ணங்’ என்னும். விட்டுப்போன பாறை ‘தொம்’ என்னும். அந்தத் ‘தொம்’ கேட்ட இடத்தில் உளியை வைத்தால் நான்கு விரல் கனத்தில் பலகை பலகையாகக் கல் பெயர்ந்து வரும். எங்கள் வீட்டு நடைக்கல்லும் கிணற்றடித் துவைகல்லும் அப்படி வந்தவைதான்.

பிளந்த கல்லைத் தொடப் போனால், “தொடாதே மக்களே, இன்னும் ஆறவில்லை” என்பார். “எப்போது ஆறும் பாட்டா?” என்று கேட்டேன். “மேலே நாளைக் காலையில் ஆறிவிடும். உள்ளே ஆறுவதற்கு அதற்கு மேலும் ஆகும்” என்றார்.

நான் நிலவியல் படிக்கப் போனதற்கு அந்தப் பேச்சுதான் காரணம் என்று சொன்னால் பொய். மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடம் அது. ஆனால் படிப்பில் வெகு தூரம் போன பிறகு, ஒரு பாறை எப்போது ஆறியது என்று கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு துறை இருப்பதை அறிந்த நாளில், பாட்டாவின் குரல் காதில் கேட்டது உண்மை. அந்தத் துறையைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று பல ஆண்டுகள் பார்த்துவிட்டு நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நிலவியல் படித்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “இந்த மலைக்கு என்ன வயது?” என்பதுதான். மருத்துவாழ் மலையைக் காட்டிக் கேட்பார்கள், தாடகை மலையைக் காட்டிக் கேட்பார்கள், விவேகானந்தர் பாறைக்குப் படகுக்கு நிற்கும் வரிசையிலும் கேட்பார்கள். ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மகிழ்ச்சியாகப் போய்விடுவார்கள். என்னால் ஓர் எண்ணோடு நிறுத்த முடிவதில்லை. ஒரே கல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு வயது சொல்லும். யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் தனக்கு மறக்க முடியாமல் போன நாளைச் சொல்கிறது.

முதலில் கல்லைப் பார்ப்போம். நாகர்கோவிலைச் சுற்றி உடைபடும் கல்லில் பெரும்பகுதி சார்னோகைட். புதிதாக உடைத்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கம் இருக்கும். சாம்பல் கலந்த கரும்பச்சை நிறம். அதில் நீலம் பாய்ந்த படிகக்கல் துணுக்குகள், இடையிடையே மாதுளை முத்துப்போலச் சிவந்த கார்னெட் மணிகள், கறுத்து மின்னும் காக்காப்பொன் (மைக்கா) செதில்கள். சென்னையில் பரங்கிமலைப் பக்கத்திலும் இதே இனத்துப் பாறைதான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்தக் கல்லைக் கண்டுதான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். நம் முற்றத்தில் கிடக்கும் கல்லுக்கு ஒரு வணிகரின் பெயர் ஏன் வந்தது என்றால் இதுதான் காரணம்.

இந்தக் கல் தரைக்கு மேலே பிறந்ததன்று. இதிலுள்ள கனிமங்கள் சேர்ந்து உருவாக 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை மேலே கிடக்கும் அழுத்தமும் வேண்டும். அப்படியானால் நாம் இன்று நடக்கும் தரைக்கு மேலே அத்தனை கிலோமீட்டர் பாறை ஒரு காலத்தில் இருந்தது. பொற்றையின் உச்சியில் நின்று வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். விமானம் பறக்கும் உயரத்தைக் காட்டிலும் இரு மடங்கு உயரம் வரை கல்லாக இருந்த இடம் இது. அவ்வளவும் எங்கே போயிற்று, எப்போது போயிற்று, வேகமாகப் போயிற்றா மெதுவாகப் போயிற்றா? ‘எப்போது’ என்பதற்கும் ‘எவ்வளவு வேகம்’ என்பதற்கும் விடை கல்லின் சூட்டில் இருக்கிறது. மேலே இருந்த பாறை தேயத் தேய, கீழே இருந்தது தரையை நெருங்கும். தரையை நெருங்க நெருங்க ஆறும்.

கனிமம் எப்படி நாளைக் குறித்துவைக்கிறது என்பதை என் பாட்டியின் அடுப்படியில் வைத்துத்தான் என்னால் விளக்க முடியும். அம்மையின் அம்மை அவர். பனைவிளையில் அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுபவர். அக்கானி கொதிக்கும்போது குமிழ்கள் மேலே வந்து வெடித்துப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றும் உள்ளே தங்காது. பதம் வந்ததும் பாகைச் சிரட்டைகளில் ஊற்றுவார். ஆற ஆறப் பாகு இறுகும். இறுகும் அந்த நேரத்திலிருந்து உள்ளே இருக்கும் குமிழ் வெளியேற முடியாது. மறுநாள் கருப்பட்டியை உடைத்தால் சிறு சிறு துளைகளாக அவை அப்படியே இருக்கும்.

காக்காப்பொன்னில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் மிகச் சிறிய பங்கு கதிரியக்கம் உடைய பொட்டாசியம்-40. 125 கோடி ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். அப்படிச் சிதைவதில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பங்கு ஆர்கான் என்னும் வாயுவாக மாறும். ஆர்கான் எதோடும் சேராத வாயு. கல் சூடாக இருக்கும்வரை பாட்டியின் குமிழைப்போல அது படிகத்தை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும். ஆண்டுக் கணக்கில் உண்டானாலும் உள்ளே சேமிப்பு இருக்காது. ஏறத்தாழ 300 டிகிரிக்குக் கீழே ஆறியதும் கறுப்புக் காக்காப்பொன்னின் கதவு சாத்திக்கொள்ளும். அன்றிலிருந்து உண்டாகும் ஆர்கான் அனைத்தும் உள்ளேயே சேரும். இன்று அந்தச் செதிலை உருக்கி எவ்வளவு ஆர்கான், எவ்வளவு பொட்டாசியம் என்று அளந்தால் கதவு சாத்திய நாள் தெரியும். அது கல் பிறந்த நாள் அன்று. கல் 300 டிகிரியைக் கடந்த நாள்.

இப்படிக் கதவு சாத்தும் வெப்பத்தை நான் மூடும் வெப்பநிலை என்று சொல்வேன். அதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தவர் மார்ட்டின் டாட்சன், 1973-ஆம் ஆண்டில். ஒரு கனிமத்துக்கு ஒரே எண் என்று கிடையாது என்று அவர் காட்டினார். படிகம் பெரிதாக இருந்தால் வாயு வெளியே வர நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஆகவே அது முன்பே மூடிக்கொள்ளும். கல் மிக மெதுவாக ஆறினால் வாயுவுக்கு வெளியேற நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே இன்னும் குறைந்த வெப்பத்தில்தான் மூடும். பெரிய சிரட்டையும் சின்னச் சிரட்டையும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை என்பதைப் பாட்டி அறிந்திருந்தார்.

இனி ஒரே கல்லுக்குள் இருக்கும் மற்றவர்களைக் கேட்போம். சிர்கான் என்று ஒரு கனிமம், மணல் பருமன்தான் இருக்கும். யுரேனியத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு, அது சிதைந்து உண்டாகும் ஈயத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். 900 டிகிரியிலும் அது மறப்பதில்லை. நாகர்கோவில் பக்கத்துச் சார்னோகைட்டின் சிர்கானைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மரத்தின் வைரமும் பட்டையும்போல இரண்டு பகுதிகள் தெரியும். நடுவே இருக்கும் பகுதி சுமார் 200 கோடி ஆண்டு என்கிறது. விளிம்பு சுமார் 55 கோடி ஆண்டு என்கிறது. முதலாவது, பாறைக் குழம்பாக இது முதன்முதலில் உறைந்த காலம். இரண்டாவது, கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது இந்தப் பாறை ஆழத்தில் மறுபடி வெந்த காலம். இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவின் கிழக்கிலும் அதே காலத்தில் வெந்த பாறைகள் கிடக்கின்றன. அன்று அவை நமக்கு அடுத்த வீடுகள்.

சிர்கானுக்கு அடுத்துக் கதவு சாத்துவது மோனசைட். பிறகு ஏறத்தாழ 500 டிகிரியில் ஹார்ன்பிளெண்ட். அதற்கும் பிறகு காக்காப்பொன். 55 கோடி ஆண்டுக்கு முன் வெந்த கல்லில் காக்காப்பொன் மூடியது பல கோடி ஆண்டுகள் கழித்துத்தான். இந்த இடைவெளிகளைத்தான் நான் நேசிக்கிறேன். தனி ஒரு வயது எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஒரு கனிமம் 500 டிகிரியைக் கடந்த நாளும் இன்னொன்று 300 டிகிரியைக் கடந்த நாளும் தெரிந்தால், நடுவே எத்தனை ஆண்டு என்று கழித்துப் பார்க்கலாம். இடைவெளி 4 கோடி ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 10 லட்சம் ஆண்டுக்கு 5 டிகிரி வீதம் கல் ஆறியிருக்கிறது. பாட்டா ஓர் இரவில் காத்திருந்ததை மலை இப்படிக் காத்திருக்கிறது.

காக்காப்பொன் சொல்வது பிறந்த நாளை அன்று, ஆறிய நாளை என்பதை ஆல்ப்ஸ் மலையில் நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் எமிலி யேகர். பெர்ன் நகரில் இருந்துகொண்டு 1960-களில் மத்திய ஆல்ப்ஸின் காக்காப்பொன்களை அளந்தார். பாறை வெந்த காலத்தைவிட அவை இளையவையாக வந்தன. அளவையில் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் அந்த எண்ணை நம்பி, அது எதைச் சொல்கிறது என்று கேட்டார். ஒரு விடை எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தால் கேள்வியைத் திருத்திக்கொள்ளும் துணிவை நான் அவரிடம்தான் மதிக்கக் கற்றேன். இமயத்தின் மேற்கு மூலையில் நங்கா பர்பத்தில், இதைவிடக் குறைந்த சூட்டில் மூடும் கனிமம் 10 லட்சம் ஆண்டுக்கும் குறைவாகக் காட்டுகிறது. அங்கே மலை இன்றும் விரைந்து எழுகிறது, விரைந்து தேய்கிறது. நம்முடைய மலை வேறு வகை. வெகு காலம் முன்பே பெரும்பகுதி ஆறிவிட்டு, கடைசிச் சூட்டை மட்டும் நிதானமாக விட்ட மலை.

அந்தக் கடைசிச் சூட்டைக் கேட்க வேண்டுமானால் அபடைட்டிடம் போக வேண்டும். நம் பல்லிலும் எலும்பிலும் இருக்கும் பொருளின் உறவுக்காரக் கனிமம் அது. அதில் ஒட்டியிருக்கும் சிறிதளவு யுரேனியம் சிதையும்போது, சுமார் 20 லட்சத்தில் ஒரு முறை, அணு இரண்டாக வெடித்துப் பிளக்கும். இரு துண்டுகளும் எதிரெதிரே பாய்ந்து படிகத்தில் ஒரு தடத்தைக் கிழிக்கும். ஒரு மில்லிமீட்டரை அறுபது பங்காக்கினால் ஒரு பங்கு, அவ்வளவுதான் அதன் நீளம். படிகத்தை மெருகிட்டு நைட்ரிக் அமிலத்தில் 20 விநாடி நனைத்தால் தடம் அகன்று நுண்ணோக்கியில் ஊசி கீறியதுபோலத் தெரியும். அதை முதன்முதலில் கண்ட நாளில் நான் கண்ணை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு கோடும் ஓர் அணு உடைந்த இடம். எண்ண முடிகிறது; ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ண முடிகிறது.

கல் 120 டிகிரிக்கு மேல் இருந்தால் தடங்கள் காயம் ஆறுவதுபோல ஆறி மறைந்துவிடும். 60 டிகிரிக்குக் கீழே வந்தால் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இடைப்பட்ட சூட்டில் நெடுநாள் கிடந்தால் முழுதாக மறையாமல் குட்டையாகும். ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு தடத்தையும் அளக்கவும் வேண்டும். நெடிய தடங்களே நிறைந்திருந்தால் கல் அந்தச் சூட்டை விரைந்து கடந்தது. குட்டையும் நெட்டையும் கலந்திருந்தால் தயங்கித் தயங்கி மேலே வந்தது. தரைக்குக் கீழே கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி வீதம் சூடு ஏறும் என்று கொண்டால் 110 டிகிரி என்பது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிச் செதுக்கல் முழுவதும் அந்த 3 கிலோமீட்டருக்குள் அடங்கும். சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தது. புதிதாகப் பிறந்த அந்தக் கரையோரம் எப்படித் தேய்ந்தது என்று விசாரிக்க அபடைட்டைவிட நல்ல சாட்சி கிடையாது.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். முதுகலை ஆய்வுக்கு எங்கள் ஊர்ப் பொற்றையிலிருந்து கல் எடுத்துப் போனேன். பெருமையோடு, பாட்டா வேலை செய்த இடத்திலேயே, அவர் பலகை பெயர்த்த முகத்துக்குப் பக்கத்தில் எளிதாகப் பெயர்ந்து வந்த துண்டை எடுத்தேன். இடித்து, சலித்து, நீரில் கழுவி, சுளகில் புடைப்பதுபோல ஆட்டி லேசானதை ஓட்டி, காந்தத்தில் கார்னெட்டையும் காக்காப்பொன்னையும் விலக்கி, கனமான திரவத்தில் மிதப்பதையும் மூழ்குவதையும் பிரித்து, மிஞ்சிய ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியின் கீழே ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒரு மாதம் போயிற்று. பேராசிரியர் என் குறிப்பேட்டைப் புரட்டி, “இந்த முகம் கறுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் கறுத்தது?” என்று கேட்டார். பாட்டாவின் தீ என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

காட்டுத்தீ பட்டாலே வெளித்தெரியும் பாறையின் மேல் சில சென்டிமீட்டரில் அபடைட்டின் கணக்கு கலைந்துவிடும். நாள் முழுவதும் விறகு எரித்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோடிக்கணக்கான ஆண்டு சேர்த்த தடங்களை என் பாட்டா பிழைப்புக்காக மூட்டிய தீ ஒரு பகலில் அழித்திருக்கும். அவர் அறியாமல் செய்ததில் குற்றம் இல்லை. அறிந்து போன நான் கவனிக்காதது குற்றம். அன்றிலிருந்து எந்தப் பாறையிலும் கையகலம் தோலை உரித்துத் தள்ளிவிட்டு அதற்கும் உள்ளே இருப்பதைத்தான் எடுக்கிறேன். மேலே ஆறியது வேறு, உள்ளே ஆறியது வேறு.

உரிந்து போன 20 கிலோமீட்டர் எங்கே என்று கேட்டேன் அல்லவா? அதில் ஒரு துளி மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. கன்னியாகுமரியில் மூன்று நிற மணல் என்று பொட்டலம் கட்டி விற்பார்களே, அதில் கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு போகும்; கனமானது கரையில் படியும். பாட்டியின் சுளகு செய்வதும் அதுவே. மணவாளக்குறிச்சி மணலில் சிர்கானும் மோனசைட்டும் இருக்கின்றன. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டிய மணலைக் கொண்டு இந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம் என்னும் தனிமத்துக்காக உலகம் அதைத் தேடி வந்தது. எனக்கு அந்த மணலில் வேறு ஒரு செல்வம் தெரிகிறது. மறைந்துபோன உயரங்களின் துகள்கள் அவை. ஒரு பிடி மணலில் நூறு துகளை எடுத்துத் தனித்தனியே வயது பார்த்தால், அவற்றை அனுப்பிய மலைகள் எப்போது ஆறின என்று பேசும் கூட்டமாக அது மாறும். குறை ஒன்றுதான். எந்த மணி எந்த மலையின் எந்த உயரத்திலிருந்து வந்தது என்று மணல் சொல்லாது.

உயரம் ஏன் முக்கியம் என்றால், மலையின் உச்சிக் கல் அடிக்கல்லைவிட முன்பே ஆறியது. அதுதான் முதலில் மேலே வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தொடங்கி மகேந்திரகிரி உச்சி வரை ஏணிப்படிபோலக் கல் எடுத்து, ஒவ்வொன்றின் வயதையும் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், அந்தக் கோட்டின் சாய்வு மலை தேய்ந்த வேகத்தைச் சொல்லும். அடிப்படிகளாக நிற்பவை சமவெளியில் இருக்கும் எங்கள் பொற்றைகள். அவற்றை இன்று இயந்திரம் தின்கிறது. இரவும் பகலும் லாரிகள் மேற்கே போகின்றன. வீடும் சாலையும் வேண்டும்தான், நானும் கான்கிரீட் வீட்டில் இருக்கிறேன். ஆனால் ஒரு பொற்றையை அடியோடு எடுக்கும்போது, நீரும் நிழலும் போவதோடு அந்தப் படியும் போகிறது என்று சொல்ல ஒருவராவது வேண்டும். லாரியில் போகும் கல்லுக்கு வயது இருக்கும், உயரம் இருக்காது. விலாசம் கிழிந்த கடிதம் அது.

போன மாதம் அடுத்த வீட்டுப் பையன், ஏழாம் வகுப்பு, கை நிறைய ஒரு கல்லோடு வந்தான். “மாமா, இதற்கு எத்தனை வயது?” கார்னெட் பெரிது பெரிதாக இருந்த அழகான துண்டு. எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். லாரியிலிருந்து விழுந்தது, வளைவில் கிடந்தது என்றான். எந்தக் குவாரி லாரி? தெரியாது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடைந்த முகம் எல்லாம் புதிது, தீ படாதது, அழகானது. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

“ஞாயிற்றுக்கிழமை வா, விலாசம் உள்ள கல் ஒன்று எடுப்போம்” என்றேன்.

பாட்டாவின் பொற்றையில் தெற்குச் சரிவில் வீட்டுயரத்துக்கு ஒரு துண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. காலை வெயில் ஏறும்முன் போனோம். கறுத்த முகத்தை விட்டு விலகி மறுபக்கம் போய், அவனையே சம்மட்டியால் தட்டச் சொன்னேன். ‘ணங்’ என்றது. கையகலம் தோலை உரித்தோம். அது முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்து முஷ்டி அளவில் நான்கு துண்டு எடுத்துத் துணிப்பையில் போட்டோம். பையன் கருவியில் உயரத்தைப் படித்துச் சொன்னான். நான் நோட்டில் எழுதினேன்: இடம், திசை, தரையிலிருந்து எத்தனை அடி, தேதி. அவன் ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

“குளிர்ச்சியாக இருக்கிறது மாமா” என்றான்.